கடைசிக் கழுவல்

இரண்டு காகிதப் பட்டைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, முனைகளை நகத்தால் அழுத்திப் பிடித்தபடி, மிஹோகோ இடமிருந்து வலமாக மூன்றாம் முறை படித்துக்கொண்டு வந்தாள். மேலே புழு. கீழே பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸ். ஏ-க்குக் கீழே ஏ, ஜி-க்குக் கீழே ஜி, சி-க்குக் கீழே சி. கடைசி எழுத்துவரை ஒரு பிசகு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிரே அவள் அப்பா கன்பெய், தவிட்டில் ஊறிய கத்தரிக்காயைக் கடித்துக்கொண்டு, பட்டைகள் பரப்பிய மேஜையில் தன் தேநீர்க் கிண்ணத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பட்டைகள்மேல் தீராத கோபம். சாப்பாட்டு மேஜையில் ஈஸ்டும் ஈயும் நட்சத்திர மீனும் வரிசையாகப் படுத்திருந்தால் மனிதன் எங்கே கிண்ணத்தை வைப்பது?

பட்டை ஒவ்வொன்றும் ஒரு உயிரின் கடத்து ஆர்.என்.ஏ. உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைக் கோக்கும்போது மணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கொடுக்கும் கூலியாள் அது. கிருமி முதல் மந்திரி வரை அது இல்லாத உயிர் இல்லை. எழுபத்தைந்து சொச்சம் எழுத்துகள். தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்து வரும்போது, எத்தனையோ லட்சம் வருடத்துக்கு ஒருமுறை எங்கேயாவது ஒரு எழுத்து மாறிப்போகும். எந்த இரண்டு உயிருக்கு நடுவே மாறிய எழுத்துகள் குறைவோ அவை நெருங்கிய பங்காளிகள். அதிகமென்றால் தூரத்து உறவு. மாறிய எழுத்துகளை எண்ணி வம்ச மரம் வரைவதுதான் மிஹோகோவின் வேலை. ஹிரோஷிமாவில் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போய், நாள் முழுக்க எழுத்துகளைப் பிரித்தெடுத்து, ஞாயிறன்று வீட்டு மேஜையில் பரப்பிவைத்துக்கொள்வாள்.

"இதுல நான் எது?" என்றார் கன்பெய். எல்லா ஞாயிறும் கேட்பது.

"இது மனுஷன் பட்டைப்பா. கோழிக்கும் இதேதான், தவளைக்கும் இதேதான். இந்த வகையில ஒரு எழுத்துகூட மாறல."

"அப்ப நேத்து ராத்திரி நான் சாப்பிட்டது பங்காளியையா?"

எல்லா ஞாயிறும் இதற்கு அவள் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. வாசல்பக்கம் மருந்துக்கடையில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த கணவன் சுமியோவின் இருமல் சத்தம் கேட்டது. அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சுமியோ அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் இல்லை, மகனாகவே வந்தவன். ஆண்பிள்ளை இல்லாத ஹிராகா குடும்பத்தின் பெயரைத் தன் பெயராக எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடும் ஒரு நுண்ணோக்கியோடும் மருந்துக்கடையின் பின்கட்டில் குடியேறினான். கல்யாணமான புதிதில் கன்பெய் போட்ட கணக்கு இதுதான்: பையன் இரண்டு வருடம் கடலைக் கட்டிக்கொண்டு அழுவான், அப்புறம் அலுத்துப்போய்க் கல்லாவில் உட்காருவான். பதினெட்டு வருடமாகியும் அலுக்கவில்லை. மாப்பிள்ளை கடலோர ஆய்வு நிலையத்தில், பேய்க்கணவாயின் சிறுநீரகத்துக்குள் வாழும் ஒரு புழுவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நல்ல கண்ணுக்கு ஒரு நூல்துண்டாகத் தெரிகிற புழு. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. உடம்பு முழுக்கவே முப்பது சில்லறை உயிரணுக்கள். ஞாயிறு மட்டும் கடைக்கு வருவான். அதுவும் மாமனாரின் கண்ணைப் பார்த்துத்தான்.

அந்தப் புழுவைப் பற்றி உலகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொன்னது: ஓர் அணு உயிர் பல அணு உயிராக மாறிய ஆதி நாளில் கிளம்பிய பழங்குடி அது; எளிமைதான் அதன் பிறவி. இன்னொரு கட்சி சொன்னது: அது ஒருகாலத்தில் வாயும் வயிறுமாக இருந்த முழு விலங்கு. அடுத்தவன் வீட்டில் ஒண்டிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, தேவைப்படாத உறுப்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டது. சுமியோ முதல் கட்சி. முழு மூச்சாக முதல் கட்சி. கன்பெய்க்கு விலங்கியல் தெரியாது, ஆனால் எந்தக் கட்சியில் சேர்ந்தால் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று படும் என்பது தெரியும். "இருந்து தின்னா மலையும் கரையும்பாங்க, கையும் காலும் கரையாதா? உன் புழுவும் வீட்டோட மாப்பிள்ளைதான்யா" என்பார், சோற்றுக் கிண்ணத்தை நீட்டியபடி. சுமியோ சிரித்துக்கொண்டே சோறு போட்டுக் கொடுப்பான். ஆனால் அன்றிரவு படுக்கையில் மிஹோகோவிடம் அரைமணி நேரம் புழுவின் தொன்மையை நிரூபிப்பான். பாதியில் அவள் தூங்கிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள்தான் சொன்னாள், "வாயால பேசிட்டிருக்கறதுக்கு, அதையே கேட்டுடலாமே. புழுவைக் கொண்டாங்க, எழுத்தைப் படிச்சுச் சொல்றேன்" என்று. அன்றிலிருந்து காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு ஐஸ் போட்ட இன்னொரு பெட்டியும் போகும். அதில் சுமியோ கழுவி உறையவைத்த புழுக்கள் இருக்கும். முதலில் வந்த எழுத்துகளே, புழு பழங்குடி இல்லை, ஒழுங்கான விலங்குகளின் கூட்டத்தில்தான் நிற்கிறது என்று காட்டின. எதற்கும் இருக்கட்டும் என்று சந்தையில் ஒரு பேய்க்கணவாய்க் கை வாங்கிப் போய் அதையும் படித்தாள். அதுதான் இப்போது கீழ்ப் பட்டையில் இருந்தது.

அவள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெட்டி இறக்கிய கையைத் துடைத்துக்கொண்டே வந்த சுமியோ அவள் முகத்தைப் பார்த்தான், பட்டைகளைப் பார்த்தான், பக்கத்தில் உட்கார்ந்து தானே விரலை வைத்துப் படித்தான்.

"ரொம்ப நெருக்கமா இருக்கே" என்றான்.

"நெருக்கமில்லைங்க. ஒண்ணேதான்."

அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். விரல் பாதிவழியில் நின்றது. "அப்ப கணவாய்க் குடும்பத்துல பொறந்துட்டு, அந்தக் குடும்பத்துக்குள்ளயே போய் ஒண்டிக்கிட்டிருக்கான் பய" என்று சொல்லிவிட்டு, மாமனாரைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க சொன்னதுதாம்பா சரி." கடையில் மணி அடித்தது. எழுந்து போனான். இருமலுக்கு மருந்து கேட்ட அம்மாளுக்கு மூட்டுவலிப் பிளாஸ்திரியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினான். கன்பெய் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடித்தான் அதைத் திருப்பி வாங்கிவர வேண்டியிருந்தது.

அக்டோபரில் கடலுக்கு அந்தப்பக்கம் மத்சுயாமாவில் விலங்கியலாளர் மாநாடு. சுமியோ பேசுவதற்கு அனுப்பியிருந்த சுருக்கத்தைத் திரும்பப் பெற்று, மூன்று நாளில் வேறு எழுதி அனுப்பினான். இத்தனை வருடம் தான் நம்பியது தவறு என்றும், புழு சீரழிந்த ஒரு மெல்லுடலி, கணவாயின் பங்காளி என்றும், கடத்து ஆர்.என்.ஏ. எழுத்துகள் அதை ஐயமறக் காட்டுகின்றன என்றும் அதில் இருந்தது. ஒரு முனகல் இல்லை, ஒரு 'ஆனால்' இல்லை. படித்துப் பார்த்த மிஹோகோவுக்கு அதை இரண்டாம் முறை படிக்க மனசு வரவில்லை. அவளுக்குள் இன்னொரு வெட்கங்கெட்ட சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைப்பானேன். ஒட்டுண்ணி ஒன்று தன் சொந்த இனத்துக்குள்ளேயே குடியேறியது என்றால் அது உலகமே திரும்பிப் பார்க்கும் விஷயம். சம்பளமில்லாத ஆராய்ச்சியாளராக இத்தனை வருடம் ரயிலில் போய்வந்தவளுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அது அவன் முதுகில் ஏறி நின்று பறித்த பழமாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சுமியோ சண்டை போட்டிருந்தால் தேவலாம். அவன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறவன் ஒன்றோடு எழுந்தான். எல்லா இரவும் சாப்பாட்டின்போது புழுச் செய்தி வாசிப்பான்: இன்றைக்கு ஒன்று குட்டி போட்டது, ஒன்று தலைகீழாகச் சுற்றியது, ஒன்றுக்கு வால்பக்கம் என்னவோ சோர்வு. அது நின்றுபோனது. ஐஸ் பெட்டி மட்டும் வழக்கம்போலக் காலையில் தயாராக இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்த கன்பெய், ஒருநாள் மகளைக் கடைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார்.

"என்னடி ஆச்சு இவனுக்கு? வீடு எழவு வீடு மாதிரி இருக்கு. அந்தப் புழுவைத் திட்டலாம்னாகூட வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"நீங்க சொன்னது ஜெயிச்சிடுச்சேப்பா."

"நான் என்னத்தக் கண்டேன், சும்மா வாய்க்கு ருசியாச் சொல்றது! நீ எழுத்த மாத்திப் போடக் கூடாதா?"

"அப்பா!"

"சரி சரி. ஒரு எழுத்து... ரெண்டு எழுத்து..." என்று முணுமுணுத்துக்கொண்டே கன்பெய் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

மாநாட்டுக்கு முந்தைய வாரம் பல்கலைக்கழகத்துக்கு நிறுவன நாள் விடுமுறை வந்தது. மிஹோகோ ஊறுகாய்ப் பிளம் வைத்துச் சோற்றுருண்டை பிடித்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, கடலோர பஸ்ஸில் ஆய்வு நிலையத்துக்குப் போனாள். இத்தனை வருடத்தில் வேலை நாளில் அவள் அங்கே போனதில்லை. அவளுக்கு அவளுடைய ரயில், அவனுக்கு அவனுடைய பஸ். படித்துறையில், கணவாய் பிடிக்கக் கடலில் இறக்கும் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்த மீனவர் இவாமி அவளைக் கண்டதும் எழுந்து தலை குனிந்தார்.

"வாங்கம்மா. வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். காலையில ரெண்டு பேய்க்கணவாய் குடுத்தேன். மூத்திரத்த எடுத்துக்கிட்டு உடம்ப எங்கிட்டயே திருப்பித் தந்துடுவார். கறிய விட்டுட்டு மூத்திரத்துக்குக் காத்திருக்கிற ஒரே மனுஷன் இந்தக் கடற்கரையில இவர்தாம்மா."

"நல்லாக் கவனிச்சுக்கறாரா?"

"புழுவையா? பெத்த தாய் தோத்தா."

கதவு திறந்திருந்தது. சுமியோ முதுகைக் காட்டியபடி நுண்ணோக்கிமேல் குனிந்திருந்தான். கண்ணாடித் தட்டில் புழுக்கள். பக்கத்தில் வடிகட்டிய கடல் தண்ணீர். ஊற்றுகிறான், சுழற்றுகிறான், வடிக்கிறான், மறுபடி ஊற்றுகிறான். அவ்வளவு பொறுமையான கையை மிஹோகோ தன் ஆய்வகத்தில்கூடப் பார்த்ததில்லை. இந்தக் கையைத்தான் கட்டிக்கொண்டோம் என்று ஒரு நிமிடம் வாசலிலேயே நின்று ரசித்தாள். கழுவல் முடிந்தது. அவன் ஐஸை இழுத்து வைத்தான். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு குடுவையை எடுத்தான். அதில் லேசாக மஞ்சள் ஓடிய ஒரு நீர். அதைத் துளித்துளியாகத் தட்டில் விட்டுக்கொண்டே, "ஆச்சு, ஆச்சு. வீட்டுக்கு வந்தாச்சு" என்றான், புழுக்களிடம்.

"அது என்ன தண்ணி?"

சுமியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்ப வந்த? சாப்பாடா அது?"

"அது என்ன தண்ணின்னு கேட்டேன்."

"இதுவா? அதுங்களோட தண்ணிதான். கணவாய் மூத்திரம். துணியில வடிகட்டி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "கடல் தண்ணி அதுங்களுக்கு ஆகல மிஹோகோ. உடம்புல இருக்கிற மயிரெல்லாம் ஆட்டம் நின்னு, அப்படியே சுருண்டுக்குது. பாக்கச் சகிக்கல. அதான் கடைசியா ஒரு தடவை சொந்தத் தண்ணியில விட்டுடறேன். ரெண்டு நிமிஷம் நிம்மதியா நீந்திட்டுப் போகட்டும். அப்புறம்தானே ஐஸ். தூக்குல போடறவனுக்கே கடைசியில வயிறாரச் சோறு போடறாங்க."

"எனக்குக் குடுத்த எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். ஏன்?"

மிஹோகோ தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். துணியில் வடிகட்டினால் மணல் நிற்கும், சளி நிற்கும். சிறுநீரகச் சுவரிலிருந்து உதிர்ந்து மிதக்கும் கணவாயின் உயிரணுக்கள் நிற்குமா? அவை கண்ணுக்கே தெரியாது. ஒரு புழுவுக்கு முப்பது உயிரணு. அதைச் சுற்றி ஒவ்வொரு சொட்டிலும் கணவாயின் அணு ஆயிரக்கணக்கில். அத்தனை தடவை கழுவிச் சுத்தம் செய்துவிட்டு, கழுவிய மீனை மறுபடி சேற்றிலேயே விட்டுவிட்டுத் தூக்கிக் கொடுத்திருக்கிறான், அன்பாக. அதை அவளும் இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"நான் படிச்சது புழுவை இல்லைங்க" என்றாள். "மேல் பட்டையும் கணவாய், கீழ்ப் பட்டையும் கணவாய். அப்புறம் ஏன் ஒரு எழுத்து மாறப்போவுது?"

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த குடுவையை, ஏதோ வெந்நீர்ப் பாத்திரம்போல, மெதுவாகக் கீழே வைத்தான். "உன்னோட ரெண்டு வருஷம்" என்றான். தன் பதினெட்டு வருடத்தைப் பற்றி அவனுக்கு அப்போது தோன்றவே இல்லை. அது அவளை உலுக்கிவிட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? பாவமாம் பாவம்! ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாது?"

"நீ கேக்கலயே..."

"கேக்கல. அதுதான் என் தப்பு." அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வெறும் தண்ணிய மட்டும் தனியா ஓட்டிப் பாத்திருக்கணும். புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் அது. வேற எவன் குடுத்திருந்தாலும் பண்ணியிருப்பேன். நீங்க கழுவினதுன்னா சுத்தமாத்தான் இருக்கும்னு... ஒரு நாளும் சந்தேகமே வரலைங்க எனக்கு."

அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு சோற்றுருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தான். வெளியே இவாமி யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். தின்றுகொண்டே மிஹோகோ சொன்னாள், இன்றைக்கு இரண்டு குழாய் வேண்டும் என்று: ஒன்றில் வழக்கம்போல அவன் தரும் புழு, மற்றதில் புழுவே இல்லாமல் அந்த மஞ்சள் நீர் மட்டும்.

இரண்டு நாள் கழித்து, முதன்முறையாக, சுமியோ அவளுடைய ரயிலில் ஏறி அவளுடைய ஆய்வகத்துக்கு வந்தான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாதிரி வாசலில் தயங்கி நின்றான். மிஹோகோ கையுறையை நீட்டினாள். "போட்டுக்குங்க. விரல் பட்டா இது செத்துடும்." வெளிச்சப் பெட்டிமேல் இரண்டு கூழ்த் தகடுகள் பக்கம்பக்கமாகக் கிடந்தன, இடது புழு, வலது வெறும் நீர். மின்சாரம் விட்டு மூலக்கூறுகளைப் பிரித்தபின் நீலச் சாயம் ஏற்றியவை. ஒவ்வொன்றிலும், வானத்தில் வெள்ளி சிதறிய மாதிரி நீலப் புள்ளிகள். பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை, பார்க்கட்டும் என்று மிஹோகோ ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தான். இடது தகடு, வலது தகடு. மறுபடி இடது. "இந்தப் பெரிய புள்ளி?"

"அதத்தான் நான் எப்பவும் வெட்டி எடுத்துப் படிச்சேன். பாருங்க, வெறும் தண்ணியிலயும் அது அப்படியே இருக்கு. கணவாயோடது. சந்தேகமே இல்ல."

"ம்." அவன் குனிந்தபடியே வலது தகட்டுக்கு நகர்ந்து, "இங்க ஒண்ணு குறையுதே" என்றான்.

"எங்க?"

"புழு இருக்கிற தகட்டுல, பெரிய புள்ளிக்குத் தோள்மாட்டுல சின்னதா ஒண்ணு நிக்குது. தண்ணித் தகட்டுல அது இல்ல."

இல்லைதான். அவளுக்கு நேற்றே தெரியும், ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருடமும் அந்தச் சின்னப் புள்ளி ஒவ்வொரு தகட்டிலும் வந்துகொண்டுதான் இருந்தது. அழுக்கு என்று நினைத்து, பெரியதை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டிருந்தாள். தண்ணீரில் இல்லாதது, புழு இருந்தால் மட்டும் வருவது. அப்படியென்றால் அது யாருடையது?

"அதுதானா?" என்றான். குரல் இறங்கிவிட்டது, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

"அதாத்தான் இருக்கணும். ஆனா ஒரே ஒரு எழுத்தும் இன்னும் படிக்கல. கொஞ்சூண்டு இருக்கு, போதாது. நிறையப் புழு வேணும், மாசக்கணக்கா ஆகும். நல்லாக் கேட்டுக்குங்க, படிச்சப்புறம் நீங்க நெனச்சதுக்கு நேர்மாறாவும் சொல்லலாம். அப்பா கட்சிக்கே ஓட்டுப் போட்டாலும் போடும்."

"போடட்டும்" என்றான் சுமியோ. "அது வாயால அது சொல்லட்டும். நீ இதுவரைக்கும் எங்கிட்டக் காட்டினது ஊரார் சொன்னது. இதுதான் அது." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே கடல் தண்ணியிலேயே முடிச்சுடறேன்" என்றான். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. மிஹோகோ அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிற புருஷனைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

வீட்டில் கன்பெய் எல்லாவற்றையும் கேட்டார். கணவாய், மூத்திரம், சின்னப் புள்ளி, ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றுதான்.

"அப்ப வீட்டோட மாப்பிள்ளைதான்னு இன்னும் முடிவாகல?"

"ஆகலப்பா."

"நல்லதாப் போச்சு" என்று ஒரு கிண்ணம் சோற்றை மாப்பிள்ளை முன்னால் தள்ளினார். "மூத்திரத்துல குளிப்பாட்டினியாமே! நீ பொழைக்கிற பொழப்புக்கு உன்னோட புழு எவ்வளவோ தேவலாம்யா." சுமியோ இரண்டாம் கிண்ணம் கேட்டான். மறுநாள் புறப்படும்போது கன்பெய் அவன் பையில் வயிற்றுவலி மாத்திரைப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். "மேடை ஏறினா வயித்தக் கலக்கும். ரெண்டா முழுங்கு."

அச்சிட்ட சுருக்கத்தை இனி மாற்ற முடியாது, புத்தகம் எல்லார் கைக்கும் போய்விட்டது. திரையில் காட்டும் ஸ்லைடைப் புதிதாக எடுக்கவும் நேரமில்லை. மத்சுயாமா படகில் மேல்தட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, சுமியோ பழைய ஸ்லைடையே மடியில் வைத்தான். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வம்ச மரம், மிஹோகோ ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தது. மனிதன், கோழி, நட்சத்திர மீன், ஈ, பேய்க்கணவாய், கணவாயை ஒட்டிக்கொண்டு புழு. மாமனாரின் கடையிலிருந்து எடுத்துவந்த சவர அலகால் புழுவின் பெயரையும் அதன் கிளையையும் சுரண்டினான். படகு ஆடியதால் அலகு கொஞ்சம் வழுக்கியது. "பாத்து, கணவாய் மேல படப்போவுது" என்று மிஹோகோ அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சுரண்டிய நீலத்தூளைக் காற்று கொண்டுபோயிற்று.

மண்டபத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இருநூறு பேர், எல்லார் மடியிலும் அச்சிட்ட புத்தகம், அதில் அவன் பெயரும் அவள் பெயரும். விளக்குகள் அணைந்தன. சுமியோ மேடையில் குனிந்து வணங்கிவிட்டு, அச்சிட்டிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தான். கழுவலைச் சொன்னான், கடைசிக் கழுவலையும் சொன்னான். எதற்காக அப்படிச் செய்தான் என்பதை விட்டுவிடுவான் என்று அவள் நினைத்தாள். விடவில்லை. "பாவமா இருந்துச்சுங்க" என்றான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. மிஹோகோ மடிமேல் கைகளை இறுக்கிக்கொண்டாள். "ஆக, நாங்க படிச்சது குடியிருந்தவனை இல்ல, குடியிருந்த வீட்டை" என்று அவன் முடித்தபோது, சிரிப்பில் கொஞ்சம் சூடு குறைந்து சிநேகம் வந்திருந்தது.

நரைத்த தலை ஒன்று எழுந்தது. எதிர்க்கட்சியின் பெரிய தலை. "ஹிராகா, பதினெட்டு வருஷம் பாத்திருக்கீங்க. அப்ப அந்தப் புழு இந்த மரத்துல எங்கதான் உக்காருது?"

"தெரியாதுங்க" என்றான் சுமியோ.

வீட்டில் சாப்பாட்டின்போது, இன்றைக்கு ஒன்று குட்டி போட்டது என்று சொல்லும் அதே குரல். மிஹோகோவுக்கு அந்தக் குரல் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது. அவன் கையிலிருந்த குச்சியால் திரையில் எதையும் சுட்டவில்லை, தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தானும் கூட்டத்தோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தான். மனிதனும் கோழியும் நட்சத்திர மீனும் ஈயும் பேய்க்கணவாயும் நீல இருட்டில் மெலிந்த வெள்ளை எழுத்துகளாக நின்றார்கள். அலகு வழுக்கிய இடம் மட்டும், கோணல்மாணலாக, எந்தப் பெயரையும்விடப் பெரிதாக, வெறும் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.